புதிய வீட்டுக்குப் பழைய வீடு கூறும் பாடம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி இம்முகாமில் அறிஞர் பலர் பேசினார்கள். வீட்டைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வீடு என்றதும், "எங்கள் ஊருக்கு எத்தனை வீடு? தவணை எப்பொழுது வரும்?" என்றே நீங்கள் கேட்பீர்கள். அவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு நிகரான மற்றொரு கேள்வியை நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம். கட்டப்படும் வீட்டில் மனிதர் சுகமாகப் படுத்து உறங்க முடியுமா என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து நண்பகலில், நான் அப்போது பணியாற்றிய வட்டாரத்தில் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அரசு உதவியால் எழுந்த கான்கிரீட் வீடுகள் அங்கே வரிசையாக நின்றன. அவற்றுக்கு இறுதித் தவணை வழங்கக் கையெழுத்திட்டவன் நானே. ஒரு வீட்டின் முன்னே கீற்றுப் பந்தல் ஒன்று போட்டிருந்தார்கள். கட்டில், தண்ணீர்ப் பானை, குழந்தையின் தூளி எல்லாம் பந்தலுக்குக் கீழே இருந்தன. வீட்டின் உள்ளே எட்டிப் பார்த்தேன். நெல் மூட்டைகளும் உர மூட்டைகளும் அடுக்கியிருந்தன. அந்த வீட்டு மூதாட்டியாரிடம் காரணம் கேட்டேன்.

"உள்ளே நெல்லு கெடாம இருக்குதுங்க ஐயா. மனுசன் நடுச்சாமம் வரைக்கும் படுக்க முடியாது" என்றார்.

"பழைய குடிசையே தேவலை என்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"அது ரெண்டு தடவை எரிஞ்சு போச்சுங்க. அது வேண்டவே வேண்டாம்" என்றார்.

அந்த அம்மையார் கூறிய இரண்டு பதில்களும் என் மனத்தை விட்டு அகலவில்லை. எரிந்து போகும் குடிசையும் அவருக்கு வேண்டாம்; ஆளை எரிக்கும் வீடும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே வழி ஒன்று உண்டா என்று தேடியதன் பயனாக நான் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பழைய வீட்டின் கணக்கு

நம் பாட்டன்மார் கட்டிய ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை அடி கனமுள்ள மண் சுவர், நடுவிலே முற்றம், முன்னே திண்ணை, சுவருக்கு வெளியே நன்றாக நீண்டு இறங்கிய கூரை. இவை அழகுக்காக மட்டும் அமைந்தவை என்று நாம் எண்ணுகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு.

கனமான மண் சுவரில் படும் வெயில் உட்புறம் வந்து சேர நெடுநேரம் பிடிக்கும். அது வந்து சேரும் வேளையில் பொழுது சாய்ந்து வெளியே காற்றுக் குளிர்ந்துவிடும். உஷ்ணக் காற்று மேலே எழும் தன்மையுடையது. அது முற்றத்தின் வழியாகவும் ஓடுகளின் இடுக்குகள் வழியாகவும் வெளியேற, குளிர்ந்த காற்றுத் தாழ்வாரத்தின் வழியே உள்ளே வரும். நீண்டு இறங்கிய கூரை, வெயிலும் சாரலும் சுவரைத் தொடாமல் காத்தது. திண்ணை, தெருவின் வெப்பத்துக்கும் வீட்டின் குளிர்ச்சிக்கும் இடையே ஒரு மடை போல நின்றது. வழிப்போக்கனுக்கும் இடம் கொடுத்தது.

இப்போது நாம் கட்டும் சிறு வீட்டைப் பாருங்கள். நான்கைந்து அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம் காலை முதல் மாலை வரை வெயிலைக் குடிக்கிறது. சில மணி நேரத்தில் அந்த வெப்பம் கீழ்ப்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. பொழுது சாய்ந்த பின்னும் தளம் அதை உள்ளே உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. மேலே எழும் வெப்பக் காற்று வெளியேற வழியில்லை. ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் காற்று உள்ளே வந்து திரும்பவும் இடமில்லை. மூதாட்டியார் நடுச்சாமம் என்று சொன்னது சரியான கணக்கே.

இதனால் கான்கிரீட்டே தீது என்று நான் கூறவில்லை. தீயிலிருந்தும் புயலிலிருந்தும் அது ஏழைகளைக் காக்கிறது. 2018 ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் டெல்டா மாவட்டங்களின் கீற்றுக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும் பட்ட பாட்டை நாம் அறிவோம். கான்கிரீட்டின் பலத்தைப் பெற்றுக்கொண்டு, பழைய வீட்டின் குளிர்ச்சியையும் விடாமல் காப்பது எப்படி என்பதே நம் முன் உள்ள கேள்வி.

திருவனந்தபுரத்தில் ஒரு கட்டடக் கலைஞர்

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடிய ஒருவர் நம் அண்டை மாநிலத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் லாரி பேக்கர். 1917 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்து, கட்டடக் கலை பயின்றவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு புரிந்தார். நாடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டைக் கட்டத் தேவையான பொருள்கள் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள்ளேயே கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற அண்ணலின் கருத்து அவர் மனத்தில் பதிந்தது.

1945 ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் தம் மனைவியாராகிய மருத்துவருடன் 16 ஆண்டுகள் வாழ்ந்தார். தாம் கற்ற கல்வி அங்கே அவ்வளவாகப் பயன்படவில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. மண்ணையும் கருங்கல்லையும் கறையானையும் மழையையும் பற்றி அவருக்குக் கற்பித்தவர்கள் அவ்வூர் மக்களே. மலையில் கிடைக்கும் கல், மரம், மண் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்த விடைகளை அவர் மாணவனைப் போல் படித்தார்.

1963 ஆம் ஆண்டு கேரளத்துக்கு வந்த பேக்கர், சில ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் நிலையாகக் குடியேறினார். அங்கே அவர் பழைய நாலுகெட்டு வீட்டை அப்படியே திரும்பக் கட்ட முயலவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவ்வீட்டிலிருந்து விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். பழைய கேரள வீடுகளில் மரச் சட்டங்களால் அமைந்த காற்றுத் தடுப்புகள் உண்டு. பேக்கர் அதையே செங்கல்லால் செய்தார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினால் சுவரே ஜன்னலாகிவிடுகிறது. காற்று வரும், கண் கூசும் வெயில் வராது, மரச் செலவும் மிச்சம். உள்ளூர் நகரில் 1970 களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் இச்சுவர்களைக் காணலாம். திருவனந்தபுரத்துக்குச் செல்வோர் தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு அருகே, சங்கு போல் சுழன்று உயரும் செங்கல் கட்டடம் ஒன்றில் காபி அருந்தியிருக்கலாம். அந்த இந்தியன் காபி ஹவுஸ் கட்டடமும் பேக்கருடைய கைவண்ணமே.

அவர் பரப்பிய முறைகளில் இரண்டு நமக்கு மிகவும் பயன்படக் கூடியவை.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. வழக்கமான 9 அங்குலச் சுவரில் செங்கற்களைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். இம்முறையில் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசையாகக் கட்டி, இடையில் 3 அங்குல வெற்றிடம் விடுகிறார்கள். குறுக்குச் செங்கற்கள் இரு வரிசைகளையும் பிணைக்கின்றன. சுவரின் கனம் அதே 9 அங்குலந்தான். ஆனால் செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது. 8,000 செங்கல் வேண்டிய இடத்தில் 6,000 போதும். சாந்தும் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. பாட்டனாருடைய ஒன்றரை அடிச் சுவர் செய்த வேலையை வெற்றிடம் ஓரளவு செய்கிறது.

இரண்டாவது, ஓடு பதித்த கான்கிரீட் தளம். தளத்தின் மேற்பாகம் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாகம் இழுவிசைக்கு உள்ளாகிறது. இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள கான்கிரீட்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்வதைத் தவிர அதிக வேலையில்லை. ஆகவே கம்பிகளுக்கு இடையே இரண்டிரண்டு சீமை ஓடுகளைச் சேர்த்து வைத்து, அவற்றின் மேல் கான்கிரீட் போடுகிறார்கள். தளத்தின் எடை குறைகிறது. சிமெண்டும் கம்பியும் மிச்சமாகின்றன. ஓடுகளுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தணிக்கிறது. பழைய, உடையாத ஓடுகளையே இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் கம்பியின் கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும். கண் மதிப்பில் செய்யலாகாது.

இம்முறைகள் ஒருவரோடு முடிந்துவிடலாகாது என்பதற்காக, கேரள முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து 1985 ஆம் ஆண்டு காஸ்ட்ஃபோர்டு என்ற நிறுவனம் தோன்றக் காரணமானார். 2007 ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்திலேயே பேக்கர் காலமானார்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை

செங்கல்லைப் பற்றிப் பேசும்போது விவசாய நண்பர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சூளைக்கு மேல்மண்ணை விற்ற வயலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விற்ற ஆண்டில் கையில் பணம் வரும். பிறகு பல ஆண்டுகள் எருவைக் கொட்டினாலும் பழைய விளைச்சல் வருவதில்லை. மேல்மண் என்பது பல தலைமுறை எருவின் சேமிப்பு. அதை நெருப்பில் இட்டுச் சுவராக்குவது விதை நெல்லை உலையில் போடுவதற்கு ஒப்பாகும். சிமெண்டோ உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 அல்லது 8 பங்குக்குக் காரணமாகிறது. ஆகவே செங்கல்லையும் சிமெண்டையும் சிக்கனப்படுத்துவது பணத்தை மட்டுமன்றி, மண்ணையும் மழையையும் காக்கும் செயலாகும்.

சூளையில் சுடாத கல்லும் இருக்கிறது. மண்ணுடன் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டைக் கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண் கல் அது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கிராமத் தொழில்நுட்பத்துக்காக 1974 ஆம் ஆண்டு அமைந்த பிரிவு இதில் நீண்ட ஆராய்ச்சி செய்திருக்கிறது. நம் மாநிலத்தில், விழுப்புரம் மாவட்டத்திலுள்ள ஆரோவில்லில் இக்கற்களால் எழுப்பிய வளைவுக் கூரைகளையும் மாடிக் கட்டடங்களையும் நேரில் பார்க்கலாம். இதற்கு வேண்டியது மேல்மண்ணுக்குக் கீழே உள்ள மண்தான். உரிய அனுமதியுடன் பண்ணைக்குட்டை தோண்டும் இடத்தில், மேல்மண்ணை வயலுக்குத் திருப்பிவிட்டு, அடிமண்ணைக் கல்லாக்கலாம். ஒரே குழி நீரையும் தருகிறது, சுவரையும் தருகிறது.

இதில் என் பொறுப்பில் நேர்ந்த ஒரு தவறையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். உற்சாக மிகுதியால் அலுவலக வளாகத்தில் ஒரு மாதிரிச் சுவர் எழுப்பச் சொன்னேன். மண்ணைச் சோதிக்கவில்லை; பக்கத்தில் கிடைத்த கரிசல் கலந்த மண்ணையே எடுத்தார்கள். கற்களை ஒரு வாரம்கூட ஈரமாக வைக்கவில்லை. ஐப்பசி மழையில் சுவர் கரைந்து சரிந்தது. "அதிகாரியின் மண் கோட்டை" என்று ஊரார் சிரித்தார்கள். சிரித்ததில் நியாயம் உண்டு. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் வெடிக்கும். சிமெண்டு மட்டும் கலந்த கல்லுக்கு அது ஆகாது. நல்ல மண்ணில் மணலும் சரளையும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். களி ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒரு கண்ணாடிச் சீசாவில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படிந்து, அளவு ஒருவாறு தெரிந்துவிடும். செய்த கல்லை 4 வாரம் ஈரம் காயாமல் மூடி வைத்து, நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் மண் கல்லைத் தொடாமலிருப்பதே நல்லது.

பழையது என்பதால் மட்டும் நல்லதாகிவிடாது

பழைமையைப் போற்றுவோர் ஓர் எச்சரிக்கையையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1993 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அதிகாலையில் மகாராஷ்டிர மாநிலம் லாத்தூர் பகுதியில் பூமி அதிர்ந்தது. அவ்வூர் வீடுகள் பரம்பரை முறையில் கட்டியவைதாம். உருண்டைக் கற்களை மண் சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள். கூரையின் மேல் ஓரடிக்கு மேல் மண். வெயிலுக்கு அவை குளிர்ச்சியான வீடுகள். ஆனால் சுவரின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பிணைக்கும் குறுக்குக் கற்கள் இல்லாமையால் சுவர் பிளந்தது. கூரையின் பாரம் உறங்கியோர் மீது விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

2001 ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று குஜராத்தில் கட்ச் பகுதி அதிர்ந்தபோது, பன்னிப் பிரதேசத்தின் பூங்கா எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பல நிலைத்து நின்றன. மூலையில்லாத வட்டச் சுவரும், பாரம் குறைந்த புற்கூரையும் அவற்றைக் காத்தன. பின்னர் சிமெண்டு சிறிது கலந்த மண் கற்களைக் கொண்டு அதே வட்ட வடிவில் புதிய வீடுகளும் எழுந்தன. இரண்டும் பழைய முறைகளே. ஒன்று கொன்றது, மற்றொன்று காத்தது. பழைய வீட்டை வணங்கவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம். சோதித்து, நல்லதை எடுத்து, குறையைப் புதிய அறிவால் நிரப்ப வேண்டும்.

இன்னொரு பாடம் எகிப்து நாட்டிலிருந்து கிடைக்கிறது. ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர், மரச் சாரம் இல்லாமலே சுடாத மண் செங்கல்லில் வளைவுக் கூரை எழுப்பும் கலையை நூபியப் பகுதிக் கொத்தர்களிடம் கண்டு, அவர்களையே அழைத்து, 1945 ஆம் ஆண்டு முதல் லக்சருக்கு எதிரே புதிய குர்ணா என்ற ஊரைக் கட்டத் தொடங்கினார். அழகிய ஊர், குறைந்த செலவு. ஆனால் அங்கே குடியேற வேண்டிய மக்கள் தம் பழைய ஊரையும் பிழைப்பையும் விட்டு வர விரும்பவில்லை. ஊர் முற்றுப் பெறாமலே நின்றது. உலகம் புகழ்ந்த வீடாயினும், குடியிருப்போரின் சம்மதமின்றி அது வீடாகாது. "மண் வீடு ஏழைக்கு மட்டுமா? உங்கள் வீடு மட்டும் கான்கிரீட்டா?" என்று ஒருவர் என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆகவே புதிய முறையை முதலில் பஞ்சாயத்துக் கட்டடத்தில் செய்து காட்டுவோம். நாம் அமரும் இடத்தில் அது நன்றாக இருந்தால் மக்கள் தாமே கேட்பார்கள்.

நாம் செய்யக் கூடியவை

அரசு வகுத்த பரப்பளவுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் உட்பட்டு, ஒன்றியப் பொறியாளரின் ஒப்புதலுடன், பின்வருவனவற்றை உங்கள் பஞ்சாயத்திலே தொடங்கலாம்.

1. மனை இடம் கொடுக்குமானால் வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கட்டும். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வேண்டாம். அப்பக்கத்தில், சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, ஒரு வேம்போ புங்கமோ நடுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

2. ஜன்னல்கள் எதிரெதிரே இருக்கட்டும். தளத்துக்குச் சற்றுக் கீழே வெப்பக் காற்று வெளியேறச் சிறு துவாரங்கள் விடுங்கள். அவற்றுக்குப் பூச்சிவலை அடித்தால் போதும்.

3. வாசலில் இரண்டு அடி அகலமாவது திண்ணை அமையட்டும். ஜன்னல்களுக்கு மேலே வெயில் தடுப்பை நன்றாக நீட்டுங்கள்.

4. சுவருக்கு எலிப்பொறிக் கட்டையும், கூரைக்கு ஓடு பதித்த தளத்தையும் பொறியாளருடன் கலந்து முடிவு செய்யுங்கள். மிச்சமாகும் தொகை, வீட்டுக்காரர் வாங்கும் கடனைக் குறைக்கும்.

5. முன்னரே கட்டிய வீடுகளின் தளத்துக்குக் கோடை தோறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெண்மை, வெயிலைத் திருப்பி அனுப்பும்.

6. ஊருக்கு இரண்டு கொத்தனார்களையாவது இம்முறைகளில் பயிற்சி பெறச் செய்யுங்கள். கற்றுக்கொண்ட கை ஊரில் இல்லாவிட்டால் வரைபடம் எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. முதிய கொத்தனார்களை அழைத்துப் பேசுங்கள்; சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து அரைத்த நினைவு அவர்களிடம் இன்னும் இருக்கிறது.

நண்பர்களே, அந்தச் சிற்றூரின் வீடுகளை நான் பார்வையிட்டுக் கையெழுத்திட்டது ஒரு மார்கழி மாதத்தில். அப்போது அவை இனிமையாகவே இருந்தன. அளவு சரி, பூச்சு சரி, கதவு சரி. நான் பாராதது ஒன்றுதான். அதைப் பந்தலில் படுத்திருந்த அந்த மூதாட்டியார் எனக்குக் கற்பித்தார். அன்று முதல் என் வட்டாரத்தில் கட்டிய வீடுகளைக் கோடையில் ஒருமுறை இரவில் சென்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்களும் வருகின்ற சித்திரையில், இரவு உணவுக்குப் பின் உங்கள் ஊரின் புதிய வீடுகளுக்குச் சென்று, அங்கே மக்கள் உள்ளே உறங்குகிறார்களா, வெளியே உறங்குகிறார்களா என்று பாருங்கள். பார்த்ததை அடுத்த கிராம சபையில் சொல்லுங்கள். நம் வீட்டுத் திட்டம் வெற்றி பெற்றதா என்பதற்கு அதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.